முதல் நாற்காலியின் மூச்சு

அந்த மூச்சு முதன்முதலாகக் கேட்டபோது நான்கு பேரில் மூன்று பேர் அதைக் கவனிக்கவே இல்லை. பல வருடமாகக் கேட்டுப் பழகிய மூச்சு. சுவர்க்கடிகாரத்தின் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்? புதிதாக வந்தவன் மட்டும் வயலினைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "யாரு அது?" என்று கேட்டான். மற்ற மூவரும் வாசித்துக்கொண்டே போய் இரண்டு வரி தள்ளித்தான் நின்றார்கள்.

"யாரு எது?" என்றார் செல்லோக்காரர்.

"மூச்சு இழுத்தது."

"நீதானேப்பா இழுக்கணும்? அதுதானே உன் வேலை?"

"நான் இன்னும் இழுக்கவே இல்ல சார். அதுக்குள்ள நீங்க எல்லாரும் ஆரம்பிச்சிட்டீங்க."

அப்போதுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. செல்லோக்காரர் ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்ட மனிதர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வியோலா வாசிக்கிற அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டாவது வயலின் வாசிப்பவள் பக்கத்தில் இருந்த முதல் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் புதியவன்தான் உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். இரண்டு வயலின், வியோலா, செல்லோ என்று தந்தி வாத்தியங்கள் மட்டும் சேர்ந்த நால்வர் குழுவில் எதிரே நின்று கையை ஆட்டி நடத்த ஆள் கிடையாது. முதல் வயலின் வாசிப்பவர் வில்லைத் தூக்கி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சின் நீளம்தான் இசையின் வேகம். அது முடிகிற இடத்தில் நான்கு பேரும் ஒன்றாக வாசிப்பில் இறங்க வேண்டும். எத்தனை ஒத்திகை பார்த்தாலும், எவ்வளவு படித்தாலும், கடைசியில் எல்லாம் ஒரு மனிதனின் மூக்கை நம்பித்தான் இருக்கிறது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அப்படித்தான்.

அன்று கேட்டது மாஸ்டரின் மூச்சு. சின்னதாக ஓர் உறிஞ்சல், நடுவில் ஒரு தடங்கல், பிறகு நீளமாக ஓர் இழுப்பு. சின்ன வயதில் விழுந்து மூக்கெலும்பு வளைந்ததால் வந்த விசேஷம் அது. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி, "சார், அந்த மூக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சிக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தபோது, "மூக்கும் சுருதியிலதான் இருக்கு, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொன்னவர் மாஸ்டர். குழுவைத் தொடங்கியவர், அதன் முதல் வயலின், அது வாசித்ததில் பாதியை எழுதியவர், எல்லாம் அவர்தான். போன வருடம் ஒரு செருப்புக் கடையில் ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் பழையதுமாக உட்கார்ந்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு குழு கலைந்த மாதிரிதான் இருந்தது. அன்றுதான் மறுபடி கூடியிருந்தார்கள்.

இரண்டாவது வயலின் அவருடைய தங்கை. அவளுக்கு "ரெண்டு" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "நான் ஒண்ணு, அவ ரெண்டு" என்று மேடையிலேயே அறிமுகம் செய்வார். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. சின்னவர்கள் ரெண்டக்கா என்பார்கள். அண்ணன் அவளை ஒரு நாளும் பாராட்டியதில்லை. ஆனால் அவள் காய்ச்சலில் படுத்த நாளெல்லாம் கச்சேரியையே தள்ளிவைத்திருக்கிறார். அவர் செத்த அன்று எல்லாரும் அழுதபோது அவள் அந்த இன்னொரு பழைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதன்பிறகும் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று உறவுக்குள் பேசிக்கொண்டார்கள்.

குழு மறுபடி கூடியதற்குக் காரணம் ஒரு புதிய படைப்பு. மாஸ்டரின் நினைவாக நான்கு பேருக்கென்று எழுதப்பட்டது. எழுதிய பெண்மணிக்கு ரப்பர் என்று பெயர். எழுதுவதைவிட அழிப்பதே அதிகம் என்பதால் வந்த பட்டப்பெயர். அவள் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். படைப்பிலும் அவள் புத்தி தெரிந்தது. மாஸ்டரின் பழைய மெட்டுகள் துண்டு துண்டாக வரும், வந்த வேகத்தில் பாதியில் அறுந்துபோகும், பிறகு நீண்ட மௌனம். மௌனத்திலிருந்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்க வேண்டும். மறுபடி அறுபடும். மறுபடி மௌனம். அந்த மௌனம் ஒவ்வொன்றின் முடிவிலும் மாஸ்டர் மூச்சு இழுத்தார்.

ஒத்திகை அறை ஒரு தரைவிரிப்புக் கடைக்கு மேலே இருந்தது. விலைபோகாத துண்டுகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். அந்த அறையில் கத்தினால்கூட எதிரொலிக்காது. அதனால் எதிரொலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. வியோலா அம்மாள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவார். ஏசியை அணைத்துப் பார்த்தார். ஜன்னலை அடைத்துப் பார்த்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்கவைத்து, "இழுங்க, மூக்கால இழுங்க" என்று அதட்டினார். எல்லாரும் இழுத்தார்கள். ரெண்டும் இழுத்தாள். ஒருவர் மூச்சும் அந்த மூச்சு இல்லை.

"எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார் செல்லோக்காரர். "மாஸ்டர் ஒரு ஒத்திகையையாவது தவறவிட்டிருக்காரா? சாவெல்லாம் அவருக்கு ஒரு காரணமா?"

"சும்மா இருங்க சார். அந்தப் பையன் ஏற்கெனவே பயந்து கெடக்கான்."

புதியவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நல்ல வாசிப்பு, நல்ல குணம். மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்வதற்கே அவன் முதல் நாள் எல்லாரிடமும் தனித்தனியாக அனுமதி கேட்டான். இப்போது ஒவ்வொரு மௌனத்திலும் அவன் வில்லைத் தூக்குவான், மூச்சு இழுக்கப் போவான், அதற்குள் அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே இன்னொருவர் இழுத்துவிடுவார். மற்ற மூன்று பேரும் பழக்கதோஷத்தில் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவன் பின்னாலேயே ஓடி வருவான். முதல் வயலின் கடைசியில் வந்து சேர்கிற கூத்தை அந்த அறையில்தான் பார்க்கலாம்.

ரெண்டுக்குப் பயமே வரவில்லை. அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. மௌனம் வரும்போதெல்லாம் பிடரியில் ஒரு கூச்சம் ஓடும், கை சில்லிட்டுப் போகும். ஆனால் மூச்சு கேட்டவுடன் மனம் அடங்கிவிடும். அண்ணன் இருக்கிறார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

ஒரு நாள் அண்ணி, மாஸ்டரின் மனைவி, வந்தார். அறையின் பழைய சாவி ஒன்று மாஸ்டரின் கோட்டுப் பையில் இருந்ததாம், கொடுத்துவிட்டுப் போக வந்தவர். வாசித்து முடிக்கட்டும் என்று கதவருகே நின்றார். மௌனம் வந்தது. மூச்சும் வந்தது. சாவி அண்ணியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாசிப்பு நின்றுவிட்டது.

"இது..." என்றார் அண்ணி.

"ஆமாம்மா" என்றார் செல்லோக்காரர், குரலை இறக்கி.

அண்ணி மூலையில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க வாசிங்க" என்றார். அன்றிலிருந்து ஒத்திகை தவறாமல் வந்தார். மெட்டுகள் ஓடும்போது சும்மா இருப்பார். அவை அறுந்து மௌனம் வந்ததும் முதுகு நிமிரும், முகம் முன்னால் நீளும். மூச்சு கேட்டதும் மெல்லத் தலையாட்டுவார். ஒரு வருடமாகச் சரியாகத் தூங்காதவர், இப்போது தூங்குவதாகச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. ரெண்டுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கச்சேரிக்குக் கொஞ்ச நாள் முன்பு ரப்பர் ஒத்திகை கேட்க வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் நேராகவே ஆரம்பித்தாள்.

"மௌனத்துல யாரு மூச்சு விடறீங்க?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி இருப்பதால் செல்லோக்காரர் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். ரப்பர் சிரிக்கவில்லை, நம்பாமலும் இல்லை. அவள் முகம் மட்டும் இறுகியது.

"நான் சின்னப் பொண்ணா முன் வரிசையில உக்காந்து அவர் கச்சேரி கேட்டவ. மெட்டெல்லாம் மறந்துபோச்சு. அந்த மூச்சு மறக்கல. அவர் நினைவா எழுதுன்னதும் எனக்கு மொதல்ல வந்தது அதுதான். அதனாலதான் அத எழுதல. அது இருந்த எடத்த மட்டும் காலியா விட்டேன். அந்த மௌனமெல்லாம் காலியா இருக்கணும். அவர் இல்லைங்கறது கேக்கணும். அதுக்குத்தான் இத்தனையும். அங்க அவர் மூச்சு கேட்டா அப்புறம் இது என்ன அஞ்சலி? ஆவிய வரவழைக்கிற கூத்து."

"அவரே வந்தா நாங்க என்ன பண்றது?" என்றார் செல்லோக்காரர்.

"வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

புதியவன் வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். "மேடம், இந்தக் கச்சேரிக்கு நான் வாசிக்கறேன். வாக்குக் குடுத்துட்டேன். ஆனா அன்னைக்கும் இப்படியே இருந்தா அதோட நான் வெலகிக்கறேன். உயிரோட இருக்கறவங்க கூடப் போட்டி போடலாம். செத்தவர் கூட என்னால முடியாது."

அவன் போய்விட்டால் வேறு ஆள் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அத்தோடு குழுவும் முடிந்துவிடும். அண்ணி மூலையிலிருந்து, "அவர் யாரையும் தொந்தரவு பண்ணலையே" என்று மெல்லச் சொன்னார்.

அடுத்த ஒத்திகைக்குள் ரெண்டுக்குச் சளி பிடித்துவிட்டது. மூக்கு முழுவதும் அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கைக்குட்டையும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். முதல் மௌனம் வந்தது. புதியவன் வில்லைத் தூக்கிக் காத்திருந்தான். எதுவும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு பயந்து பயந்து தானே ஒரு மூச்சு இழுத்தான். மூன்று பேரும் அவனோடு இறங்கினார்கள், ரெண்டு மட்டும் ஒரு நூல் பிந்தி. அடுத்த மௌனத்திலும் அப்படியே. கடைசிவரை மாஸ்டர் வரவே இல்லை. முடிந்ததும் புதியவன் குழந்தை மாதிரி சிரித்தான். செல்லோக்காரர் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். "ரப்பர் சொன்னது காதுல விழுந்திடுச்சு போல" என்றார். வியோலா அம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

அண்ணி டீ வேண்டாம் என்று எழுந்து போனார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை ரெண்டு மட்டும் பார்த்தாள்.

சளி இறங்க சில நாட்கள் ஆயிற்று. இறங்கிய அன்று காலை, சமையலறை மேசையில் சுவரோரமாக இசைத்தாள்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தன் பகுதியை மட்டும் தனியாக வாசித்துப் பார்க்கலாம் என்று வயலினை எடுத்தாள். குக்கர் அடுப்பில் இருந்தது. ஜன்னலில் வெயில். பேய் வருகிற பொழுதே இல்லை அது. மௌனம் முடிகிற இடத்துக்கு வந்து வில்லைத் தூக்கினாள்.

அண்ணன் அவள் காதோரம் மூச்சு இழுத்தார்.

தூக்கிவாரிப்போட்டது. திரும்பினாள். குளிர்சாதனப் பெட்டி, துடைக்கிற துணி, நாற்காலியில் அவளுடைய கைப்பை. வேறெதுவும் இல்லை. மறுபடி வில்லைத் தூக்கினாள். மறுபடி அதே மூச்சு. சின்ன உறிஞ்சல், தடங்கல், நீண்ட இழுப்பு. இந்த முறை தடங்கலின்போது தன் மேலுதடு லேசாகச் சுருங்கியதை அவள் உணர்ந்தாள். வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெறும் கையைத் தூக்கினாள். மூச்சு வரவில்லை. விரலை எடுத்தாள். வில்லைத் தூக்கினாள். வந்தது.

அவள்தான். ஆரம்பத்திலிருந்தே அவள்தான்.

இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூச்சைப் பிடித்துப் பிடித்து, அவர் இழுக்கும்போதே கூடவே இழுத்துப் பழகி, அது அவள் மூக்கிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவர் இருந்தவரை இரண்டு மூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கேட்டதால் யாருக்கும் தெரியவில்லை. நான்கு பேருக்கும் நல்ல காது. ஊரிலேயே அதைவிட நல்ல காது கிடையாது. அதனால்தான் ஏமாந்தார்கள். தொடங்குகிற கணத்தில் அவர்கள் காது தானாக முதல் நாற்காலிக்குத்தான் போகும். அங்கே கேட்க வேண்டியதை அங்கே கேட்டுவிட்டார்கள். சாதாரணமாகக் கேட்கிற ஒருவர் வந்திருந்தால், "ஏம்மா, நீங்கதானே மூக்க உறிஞ்சறீங்க" என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. புதியவன் விலகிக்கொள்வதாகச் சொன்னது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. பிறகு வந்ததுதான் மோசம். சந்தோஷம் வந்தது. அப்படியானால் அண்ணன் என்னிடம்தான் இருக்கிறார், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்கிற சந்தோஷம். அன்று காலை முழுவதும் சமையலறையில் நின்று அவள் வில்லைத் தூக்குவதும் இறக்குவதுமாகவே இருந்தாள். ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. குக்கர் தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினாள்.

அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று மறுநாள் புறப்பட்டாள். அண்ணியின் வீடு இரண்டு தெரு தள்ளி. போனபோது கட்டில் மேல் புடவைகள் பரப்பிக் கிடந்தன.

"நல்ல நேரத்துல வந்த. எத உடுத்தலாம்னு நீயே சொல்லு. அவருக்கு நீலம் பிடிக்கும். ஆனா இந்தப் பச்சைய அவர்தான் வாங்கிக் குடுத்தாரு."

"கச்சேரிக்கா அண்ணி?"

"பின்ன? அவரும் வரப்போறாரு. மேடையில வராம இருக்க மாட்டாரு." அண்ணி சிரித்தார். பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. அவர் போயாச்சுன்னு தெரியும். ஆனா நான் அன்னைக்குக் கடைக்குக் கூடப் போகல. தலைவலின்னு படுத்திருந்தேன். கெளம்பறப்ப கதவ மூடினாரு, நான் முழிச்சிக்கூடப் பாக்கல. இப்ப அந்த ரூம்ல போய் உக்காந்தா எனக்கு வேற எதுவும் வேணாம். ஒரு மூச்சு. அது போதும்."

ரெண்டு அந்த நீலத்தைக் காட்டினாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

இனி என்ன செய்வது என்பதில் குழப்பம் எதுவும் இல்லை, செய்வதுதான் கஷ்டம். மூச்சை நிறுத்தினால் புதியவன் முதல் நாற்காலிக்குச் சொந்தக்காரன் ஆவான், குழு பிழைக்கும், ரப்பர் எழுதியது எழுதியபடி ஒலிக்கும். அண்ணி மூன்றாவது வரிசையில் நீலப் புடவையில் காத்திருந்து ஏமாந்து போவார். அண்ணன் கடைசியாக மிச்சம் இருந்த இடத்திலிருந்தும் போய்விடுவார். அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வில்லைத் தூக்கிப் பார்த்தாள். கை தொடங்க மறுத்தது. எங்கே இறங்குவது என்றே தெரியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவள், எத்தனையோ மேடை ஏறியவள், முதல் சுரத்தை எப்போது வாசிப்பது என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றாள். அவளுக்கென்று ஒரு மூச்சே இருந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர்மேல் கோபம் வந்தது. இதைக்கூடவா எனக்கு விட்டுவைக்கவில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். அவர் இருந்திருந்தால், ரெண்டுக்கு எதற்குத் தனி மூச்சு என்று சொல்லியிருப்பார்.

மிச்சமிருந்த ஒத்திகைகளில் சளி விடவில்லை என்று பொய் சொல்லி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, புதியவனின் மூச்சைப் பிடிக்கப் பழகினாள். அது குட்டையான மூச்சு, கொஞ்சம் தயக்கமானது, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்கிற மாதிரி. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதிலும் ஓர் அழகு இருப்பது தெரிந்தது. ஆனால் கொஞ்சம் அசந்தால் போதும், அண்ணன் வந்துவிடுவார். அப்போதெல்லாம் புதியவனின் தோள் விறைக்கும், மூலையில் அண்ணியின் முகம் மலரும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க அவளால் முடியவில்லை.

கச்சேரி அன்று மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் நின்றபோது புதியவனின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ரெண்டு அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க. நீ தைரியமா இழு."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"சொல்றேன்ல? நீ இழு, நான் வர்றேன்."

அரங்கம் நிறைந்திருந்தது. விளக்கு மங்கியதும் ரெண்டு தேடினாள். மூன்றாவது வரிசை, நீலம். முதல் மெட்டு மாஸ்டருடையது. கேட்டவுடன் கூட்டத்தில் ஒரு சலசலப்பு, தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல. அது அறுந்தது. மௌனம். ரெண்டு தன் உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். மூக்கு துடித்தது. உள்ளே யாரோ மூச்சு இழுக்க எழுந்து நிற்பது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. வேண்டாம் அண்ணா, என்று மனதுக்குள் சொன்னாள். புதியவன் இழுத்தான். இறங்கினார்கள்.

அடுத்த மௌனம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிட நீளமானது, ரப்பர் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவை எப்படி இருக்கும் என்று ஒத்திகையில் யாருக்கும் உண்மையில் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கில் ஒருவர் இல்லை என்பது மட்டும் கேட்டது. செல்லோக்காரரின் கண் கலங்கியிருந்தது. அண்ணி முன்னால் சாய்ந்து, எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, காதை மேடைக்குக் கொடுத்துக் காத்திருந்தார்.

கடைசி மௌனம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. அதில் ரெண்டுக்குள் ஏதோ அசைந்தது. மூக்கின் துடிப்பு மெல்ல அடங்கியது. உள்ளே எழுந்து நின்றவர் உட்காரவில்லை, வெளியே போய்விட்டார். எந்த வழியாகப் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. புதியவன் இழுத்தான், அந்தக் குட்டை மூச்சு, இந்த முறை தயக்கமே இல்லாமல். அவள் அவனோடு சரியாக இறங்கினாள், நூல் பிசகாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் இல்லாமல்.

கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. ரப்பர் மேடைக்கு வந்து புதியவனைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவன் அடுத்த கச்சேரி எப்போது என்று வியோலா அம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ரெண்டு தன் வயலினைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணி எழுந்திருக்கவில்லை. ரெண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வரவே இல்லையே" என்றார் அண்ணி. "கடைசி வரைக்கும் பாத்தேன்."

"அவர் என்னைக்குமே வரல அண்ணி. அது நான்தான்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சளி, சமையலறை, வில்லைத் தூக்கினால் வருவது, இன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

அண்ணி கோபப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து அவள் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப உங்கிட்டதான் இருக்கா?" குரலில் ஓர் ஆசை இருந்தது. "எங்க இருந்தா என்ன? ஒரு தடவ எனக்குப் பண்ணு. இங்கயே. யாரும் இல்ல. ஒரே ஒரு தடவ, அப்புறம் கேக்க மாட்டேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். வயலினைத் தோளில் வைத்தாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். வில்லைத் தூக்கினாள். மூக்கால் மூச்சு இழுத்தாள்.

சாதாரண மூச்சு. யாருடையதாகவும் இருக்கலாம்.

"இருங்க அண்ணி." மறுபடி தூக்கினாள். மேலுதட்டைச் சுருக்கிப் பார்த்தாள், நடுவில் நிறுத்திப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்வது நடிப்பு மாதிரி, கேலி மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை தூக்கினாள்.

"அவசரமில்ல. மெதுவா வரட்டும்" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல். "நான் இருக்கேன்."

அவள் வில்லை மடியில் வைத்தாள். யாரோ இப்போதுதான் ஓடி வந்து அவளிடம் செய்தி சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது. அதை அவள் அண்ணிக்குச் சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் செத்துட்டாரு."

அண்ணி கண்ணைத் திறந்தார். பிறகு அவர் முகம் கோணியது, "ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே அவளைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். விளக்கணைக்க வந்தவர், இரண்டு பேரும் அழுது முடிக்கட்டும் என்று கதவருகிலேயே நின்றுவிட்டார்.